அள்ளாமல் விட்டது

இரண்டு மழைக்காலமாகக் காடு முழுக்க அலைந்து அள்ளிய புலி எச்சங்களின் மரபணு முடிவு அன்று காலைதான் வந்திருந்தது. அத்தனையும் ஒரே பெண் புலியுடையவை.

"அப்ப வேற புலியே இல்லீங்களா மேடம்?" என்றார் வனக்காவலர் கெம்பன்.

ஆய்வாளர் தமயந்தி முடிவுத்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் காட்டுப்பாதையில் நடந்தாள். ஆண் புலி ஏதாவது மோப்பம் பிடித்து வரட்டும் என்று அந்தப் பெண் புலி பாதையெங்கும் விட்டுப்போன அடையாளங்களை ஒன்றுவிடாமல் சுரண்டிக் குப்பியில் அடைத்தவள் அவள்தான்.

ஓடைத் திருப்பத்தில் ஈரம் காயாத எச்சம் கிடந்தது. கெம்பன் வழக்கம்போல் குப்பியைத் திறந்து நீட்டினார்.

"வேணாம்ண்ணா. இங்கயே கெடக்கட்டும்."

இருவரும் அதை மிதிக்காமல் விலகி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனபின் அவர் கேட்டார்.

"யாருக்குங்க மேடம்?"