கடைசியாகப் போகும் பிள்ளை

"ஹாதிக், இண்டைக்காவது உம்மா நேரத்துக்கு வருவாவா?"

மண்ணில் கார் ஓட்டிக்கொண்டிருந்த நான்கு வயது ஹாதிக் தலையைத் தூக்காமலே சொன்னான். "வரமாட்டா மிஸ்."

றாபியாவுக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. கல்முனையில் அந்தப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். ஹாதிக்கும் அதே வாரம்தான் சேர்ந்தான். நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துவிட வேண்டும். யாராவது மிஞ்சினால், புதிதாக வேலைக்கு வந்தவர் துணைக்கு இருக்க வேண்டும். மிஞ்சுவது ஒவ்வொரு நாளும் ஹாதிக். இருப்பது ஒவ்வொரு நாளும் றாபியா. ஐந்தரை மணி போல அவனுடைய மாமா நிப்றாஸ் ஆட்டோவில் வந்து அள்ளிக்கொண்டு போவான். காலையில் கொண்டுவந்து விடுவதும் அவன்தான். உம்மாவை அவள் கண்டதே இல்லை.

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. கவனிப்பில்லாத பிள்ளை என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இவனுக்கு நகம் வெட்டியிருக்கும். உடுப்பு மடிப்புக் கலையாமல் இருக்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மீனை முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வைத்திருக்கும். விடியற்காலையில் எழும்பி மீன்முள் பொறுக்குகிற ஒருத்தி, பின்னேரம் பிள்ளையை எப்படி மறப்பாள்?

"உம்மா இப்ப என்ன மகன் செய்றா?"

"பாப்பாவ உறங்காட்டுறா."

"உங்கட தங்கச்சியயா?"

"எங்கட ஊட்ட பாப்பா இல்ல மிஸ்."

றாபியா உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரே பிள்ளை என்றுதான் நிப்றாஸ் எழுதிக் கொடுத்திருந்தான்; பாதுகாவலர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டிருந்தான். குழப்பம் இன்னும் கூடியது. வீட்டில் அவளுடைய எட்டு மாதப் பிள்ளையும் இந்நேரம் அழத் தொடங்கியிருக்கும். பால் கட்டி நெஞ்சு கனத்தது.

ஐந்தேகாலுக்கு ஆட்டோ வந்து நின்றது.

"குறை நினைக்காதீங்க மிஸ். நிந்தவூருக்கு ஒரு ஹயர் ஓடிட்டு வாறன், பிந்திட்டு."

"தம்பி, இண்டைக்குப் புள்ளய உங்கட கையில தரமாட்டன். உம்மா வரட்டும். நான் அவவோட கதைக்கணும்."

நிப்றாஸ் தலையைச் சொறிந்தான். "ராத்தாக்கு வர ஏலா மிஸ். ஒரு ஊட்ட கைப்புள்ள பாக்குறா. நாலு மணிக்கு வந்திருவன் எண்டுதான் அந்த ஊட்டுக்காரி சொன்னவ. ஒருநாளும் வந்ததில்ல. அவ வராம பச்சப் புள்ளய உட்டுட்டு ராத்தா எப்பிடி வாற?"

"தனக்கும் ஒரு புள்ள காத்துக்கிட்டு இரிக்கி எண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பிடிச் சொல்ற? சின்னப் புள்ள உள்ள ஆக்கள் சரிவராது எண்டு முதல் நாளே சொல்லிட்டாவாம். புள்ளயே இல்ல எண்டு பொய் சொல்லித்தான் ராத்தா சேந்தவ."

றாபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளை மண்ணில் காத்துக் கிடப்பதும், அங்கே தன் பிள்ளை அழுவதும், எவளோ ஒருத்தி நேரத்துக்கு வீடு திரும்பாததால்தானா?

"ஒரு தாய்க்கு இப்பிடிச் செய்ற மனுசியும் இரிக்காவா? அவட நம்பர் இரிக்கா உங்களிட்ட?"

"அவசரத்துக்கு எண்டு ராத்தா தந்தது. நான் எடுத்ததில்ல. வேணாம் மிஸ், வேல போயிரும்."

"போகாது. நான் பக்குவமாக் கதைக்கிறன். எடுங்க."

அரைமனதோடு எண்ணை அழுத்தி, நிப்றாஸ் ஃபோனை அவளிடம் நீட்டினான்.

மேசை லாச்சிக்குள் கிடந்த றாபியாவின் ஃபோன் அடிக்கத் தொடங்கியது.