முப்பத்தொன்பதாவது வீடு

“இந்த ஆளை உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். அவருடைய இடது கை, காக்கிச் சட்டைக்காரரின் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது.

தையல்கார அம்மா கதவைப் பாதி திறந்து பார்த்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

“தெரியாம என்ன? நம்ம ரெண்டு வீட்டுக்கும் அலாரம் மாட்டின மெக்கானிக்தானே?”

“அதே ஆள்தான். இப்ப உங்க கேட்டுக்கு வெளியே நின்னு எதையோ அமுக்கினான். வாசல்ல எரிஞ்ச சிவப்பு லைட் பச்சையாயிடுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து பெல் அடிக்கிறான்!”

சிவப்பு என்றால் அலாரம் விழித்திருக்கிறது. பச்சை என்றால் அணைந்துவிட்டது.

“இலவச சர்வீஸும்மா. பத்தே நிமிஷம்...” என்றார் மெக்கானிக். காலர் தொண்டையை அழுத்தியதால் குரல் கீச்சென்று வந்தது.

“இலவசமாம், இலவசம்! கம்பெனிக்குப் போன் போட்டாச்சு. இவனை வேலையை விட்டுத் தூக்கி ரெண்டு மாசம் ஆச்சாம். மேனேஜரே வந்துட்டிருக்காரு.”

தையல்கார அம்மாவின் முகம் மாறியது. மகள் பள்ளி விட்டு நாலு மணிக்கு வருவாள். கடையிலிருந்து இவள் வர ஆறாகும். இன்று கடைக்கு வார விடுமுறை. மற்ற பள்ளி நாட்களில் அந்த இரண்டு மணி நேரம் பெண் தனியாகத்தான் இருக்க வேண்டும். அதற்காகவே வாங்கிய அலாரம் அது.

“எத்தனை மணிக்கு வருவீங்க, போவீங்கன்னு அன்னைக்கு அவ்வளவு அக்கறையா விசாரிச்சீங்களே. இதுக்குத்தானா?”

“இல்லம்மா. தப்பு என்னோடதுதான், ஆனா அந்தத் தப்பு இல்ல.” மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். “எங்ககிட்ட சர்வீஸ் ரிமோட்னு ஒண்ணு உண்டு. வீட்டுக்கு வீடு அதுக்கு வேற நம்பர் போடணும். ரிப்பேருக்கு வந்தா சுலபமா இருக்கட்டும்னு நாற்பத்து மூணு வீட்டுக்கும் ஒரே நம்பரைப் போட்டுட்டேன். ஒயர் இல்லாத அலாரம் ஆச்சே, தெருவில நின்னு அமுக்கினாலே அணைஞ்சிடும். என்கிட்ட ரெண்டு ரிமோட் இருந்துச்சு. ஒண்ணு பஸ்ல தொலைஞ்சு போச்சு.”

“இப்ப அது யார் கையில இருக்கு?”

“அது தெரிஞ்சா நான் ஏம்மா வீடு வீடா அலையறேன்? நம்பரை மாத்திட்டா அந்த ரிமோட் வெறும் பிளாஸ்டிக். வெளியே நின்னு அமுக்கினது, பழைய நம்பர் இன்னும் வேலை செய்யுதான்னு பார்க்கத்தான். முப்பத்தெட்டு வீடு முடிச்சிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். நாற்பத்து மூன்று விலாசம். முப்பத்தெட்டு டிக்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “திருடப் போற வீட்டுக்கெல்லாம் லிஸ்ட் வேற!”

அதற்குள் கார் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

“மன்னிச்சிடுங்க மேடம். எங்க அலாரத்தில ஒரு குறையும் கிடையாது. எல்லாம் இவன் கட்டற கதை. பேசாம போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம்.”

“சார், உங்களுக்கே தெரியும்...”

“நீ பேசாதே!”

எதிர்வீட்டுக்காரர் வலது கையால் செல்போனை எடுத்தார்.

“போலீஸ் வரைக்கும் போயிட்டா அப்புறம் என்னை யாரும்மா படியேற விடுவாங்க?” என்றார் மெக்கானிக். “மீதி அஞ்சு வீடு அப்படியே கிடக்குமே.”

தையல்கார அம்மா அந்த நோட்டை வாங்கினாள். அளவு நோட்டைப் பார்க்கிற பழக்கம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

“சார், உங்க வீட்டிலேயும் இதே அலாரம்தானா?”

“பின்னே? அவ்வளவு நம்பிக்கை மேடம்!”

“அப்ப நல்லதாப் போச்சு. போலீஸுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குப் போவோம். கேட்ல நின்னு இந்த ரிமோட்டை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்போம். அணையலைன்னா இவர் சொல்றது பொய்.”

“தாராளமா வாங்க! நூறு தடவை வேணாலும் அமுக்குங்க. அணையாது. என் வீட்டு நம்பரைத்தான் அப்பவே மாத்தி...”

மேனேஜர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரரின் இடது கை மெல்லத் தளர்ந்தது.

தையல்கார அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில் ‘மேனேஜர் வீடு’ என்று எழுதி ஒரு விலாசம். பக்கத்தில் முதல் டிக்.

“சார்தான் மாத்தச் சொன்னாங்க,” என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி. “மத்த நாற்பத்திரண்டையும் மாத்திடலாமான்னு கேட்டேன். வெளியே தெரிஞ்சா கம்பெனி பேர் கெட்டுடும்னாங்க. மறுநாள் எனக்கு வேலை இல்லை.”

மேனேஜருக்கு ஒரு மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. வந்ததைவிட வேகமாகக் கார் போயிற்று.

உள்ளே மெக்கானிக்குக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. தையல்கார அம்மா கேட்டுக்கு வெளியே நின்று அதே பழைய ரிமோட்டை அமுக்கினாள். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்புதான்.

மணி மூன்று நாற்பது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். “நாலு மணிக்கு எம்பொண்ணு வருவா. உங்களைக் காட்டணும், இருங்க,” என்றாள்.

மெக்கானிக் முப்பத்தொன்பதாவது டிக்கைப் போட்டார்.

எதிர்வீட்டுக்காரர் அருகில் வந்து, கசங்கிப்போன காலரை இரண்டு கையாலும் நீவிவிட்டார்.

“தம்பி... நாற்பதாவது எங்க வீடுதானே? ஏன் வெயில்ல நிக்கிறீங்க, வாங்க.”

“வரேன் சார். முதல்ல கேட்டுக்கு வெளியே நின்னு ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பேன். ஓடி வந்து பிடிச்சிடாதீங்க!”