தொண்டைக்கட்டு

"ஏங்க, மூக்கு அரிக்கி. சொறிஞ்சு விடுங்க. மூணாம் டேபிள்ல காபிக்குக் கத்துதாங்க," என்றாள் தங்கபுஷ்பம். சொறிந்துவிட்டேன். அவள் தாடையால் கட்டுப்பாட்டுக் குச்சியை நகர்த்தினாள். மதுரை ஓட்டலில் அவள் இங்கிருந்தே ஓட்டும் பரிமாறும் இயந்திரம் காபியோடு நகர்ந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத என் மனைவிக்கு ஓர் ஆராய்ச்சி மானியத்தில் கிடைத்த வேலை அது. சங்கரன்கோவிலில் கட்டிலில் படுத்தபடியே வருடக்கணக்கில் அதன் வழியாகத் தன் குரலிலேயே பேசிப் பரிமாறினாள். மூக்கு சொறிந்துவிட்ட அன்று மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்ததும், அங்கே அவளைத் தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று மதுரைக்குப் போனேன். அந்த ஓட்டலை நான் அதுவரை பார்த்ததில்லை. இயந்திரம் என் மேசைக்கு வந்தது. யாரென்று சொன்னேன்.

"நான் முனிரத்தினங்க, இப்ப அவங்களுக்குப் பதிலா தருமபுரியிலிருந்து இத ஓட்டறேன்," என்றது ஓர் ஆண்குரல். "எனக்கும் அவங்க மாதிரிதாங்க, கை கால் வராது. இங்க சாப்பிட வர்றவங்க யாருக்கும் அவங்க போயிட்ட விஷயம் தெரியாது. சொல்லிரட்டுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து மேசையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் கூப்பிட்டார்.

"யக்கா, அங்கேயே நின்னா எப்படி? தொண்டைக்கட்டு இன்னும் சரியாகலயா? மிளகுப்பால் குடின்னேன்ல."

முனிரத்தினம் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"போங்க தம்பி, கூப்பிடுறார்," என்றேன்.

இயந்திரம் அவரிடம் போனது. மதுரையில் அவளுக்கு இன்னும் தொண்டைக்கட்டுதான்.