பத்தாவது ஆள்

"இன்னிக்கு அந்த இ.எஸ்.ஐ. ஆபீசர் வரட்டும். எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெக்கிறேன்," என்றாள் கனகவல்லி, மெஷினை நிறுத்தாமலே.

பக்கத்தில் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்த சின்னப்பன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"கம்முனு இரு அக்கா. மொதலாளி காதுல வுழுந்தா பேஜாரு."

"வுழட்டும். இதுக்கு மேல போறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?"

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் தாம்பரத்தில் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கேட்கிற முதல் கேள்வி, "இ.எஸ்.ஐ. கார்டு இருக்காம்மா?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே தோடும் போய்விட்டது, தாலிச் சங்கிலியும் போய்விட்டது.

தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இலவச வைத்தியம் கிடைக்கிற அந்தக் கார்டு, பத்து பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான். முன்பு இருபது பேர் என்று இருந்ததாம். பத்து பேரே போதும் என்று பெரிய மனது பண்ணிச் சட்டத்தை மாற்றினார்கள். அன்றிலிருந்து பம்மலில் அந்தத் தெருவில் எந்தப் பட்டறையிலும் ஒன்பதுக்கு மேல் ஆள் வளர்வதே இல்லை. வேலை கூடினால் மச்சினன், மாமியார் என்று யாரையாவது கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டு ஆள் கணக்கில் வரமாட்டார் என்பது தெருவே நம்புகிற சங்கதி.

முதலாளி அசரியாவின் ஸ்கூல் பேக் பட்டறையிலும் ஒன்பது பேர்தான். இரண்டு மாதம் முன்பு கனகவல்லி அவர் முன்னால் போய் நின்றாள்.

"எப்டியாச்சும் இ.எஸ்.ஐ. போட்டுக் குடுங்க சார். அந்த மனுசன் பொழச்சிக்குவாரு."

"பாக்கறேம்மா," என்றார்.

பார்த்த லட்சணம் அடுத்த மாதமே தெரிந்தது. பெரிய ஆர்டர் வந்தது. புதிதாக ஒரு ஆளை எடுக்க வேண்டிய இடத்தில், தன் மனைவி யூனிஸைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்த அம்மா நர்சரி ஸ்கூல் டீச்சர். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து, தைத்த பைகளில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிறார்.

"நூலா வெட்டுது டீச்சரம்மா? நம்மள நோட்டம் வுடுது," என்று கனகவல்லி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பதினொரு மணிக்கு இ.எஸ்.ஐ. ஆபீசர் சத்யநாராயணன் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்ட அசரியா, துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தார். மாட்டிக்கொள்ளப் போகிற பயம் என்று கனகவல்லி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆபீசர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். யூனிஸிடம் வந்ததும் பேனா நின்றது.

"இவங்க?"

"என் மிஸஸ் சார். இங்கதான் வேலை செய்றாங்க."

"நிஜமாவே செய்றாங்களா, இல்ல பேருக்கா?"

கனகவல்லி எழுந்துவிட்டாள்.

"பேருக்குத்தான் சார்! ஒரு வேலையும் செய்யறதில்ல. பத்தாவது ஆள் எடுத்தா எங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டணுமேன்னு, சம்சாரத்த இட்டாந்து குந்த வெச்சிகினு கீறாரு!"

"கனகா..." என்றார் அசரியா.

ஆபீசர் பேனாவை மூடினார். "அப்போ ஒன்பதுதான். சாரி மிஸ்டர் அசரியா, உங்க அப்ளிகேஷன் நிக்காது."

"இன்னா அப்ளிகேஷன் சார்?" என்றாள் கனகவல்லி.

"உங்களுக்கெல்லாம் இ.எஸ்.ஐ. வேணும்னு இவர் போட்டதும்மா. பத்து பேரை ஒன்பதுன்னு காட்டறவங்களை தினமும் பாக்கறேன். ஒன்பதைப் பத்தாக்கணும்னு சம்சாரத்தை ஸ்கூல் வேலையை விடச் சொல்லிக் கூட்டிட்டு வந்தவரை இப்பத்தான் பாக்கறேன். அந்த ராஜினாமா லெட்டர்கூட இதோ இருக்கு. சம்சாரமா இருந்தாலும் நிஜமா வேலை செஞ்சா கணக்குல சேர்த்துக்கலாம். ஆனா வேலையே செய்யாதவங்களை நான் எப்படிச் சேர்க்கறது?"

"வெளியாள் எடுத்தா சம்பளமும் குடுத்து, இ.எஸ்.ஐ.யும் கட்ட என்னால முடியாது சார்," என்றார் அசரியா, யார் முகத்தையும் பார்க்காமல். "கிடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லி ஆசை காட்ட வேணாம்னு இவங்ககிட்ட சொல்லல."

புருஷனின் உயிருக்குத் தன் வாயாலேயே உலை வைத்துவிட்டோம் என்பது மட்டும் கனகவல்லிக்குப் புரிந்தது.

"எழுதாதீங்க சார்! நான் பொய் சொல்லிட்டேன். அவங்க வேல செய்றாங்க. எட்டரைக்கு வந்தா பொழுது சாயற வரைக்கும் செய்றாங்க!"

"இப்ப மாத்திச் சொன்னா நான் எதைம்மா நம்பறது? அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

பட்டறையில் எல்லா மெஷினும் நின்றுபோயிருந்தன. அப்போதுதான் யூனிஸ் மடியில் இருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அவங்க மேல தப்பில்ல சார். எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுக்கறதே அவங்கதான். ஒரு மாசமா பொறுமையா சொல்லிக் குடுக்கறாங்க. நேத்து கத்தரி பட்டு ரெண்டு பையைக் கிழிச்சுட்டேன். அந்தக் கோவத்துல, இதெல்லாம் ஒரு வேலையான்னு சொல்லிட்டாங்க. நாங்களும் கிளாஸ்ல பிள்ளைங்களை அப்படித்தானே திட்டுவோம்."

ஆபீசர் சிரித்துவிட்டார். "சரிம்மா, கோவப்படாம சொல்லிக் குடுங்க," என்று கனகவல்லியிடம் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து பத்து என்று எழுதினார்.

கனகவல்லி தலையை ஆட்டினாள். இந்த ஒரு மாதத்தில் அவள் யூனிஸிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.