பெரியவர் பதிவான விதம்

டால்பினுக்கு உறவானாலும் உருவில் அதைவிடச் சிறிய, முதுகில் துடுப்பில்லாத கிழக் கடற்பன்றிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திமிங்கிலம், டால்பின் வகைகளை எண்ண வரும் படகு, மூன்று வருடமாக அவரைப் பார்க்காமலே போகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கரையோரத்தில் இருப்பவர் அவர். நேற்று வந்த பெண் டால்பினோ படகுக்கு முன்னால் குதித்தே பதிவாகிவிட்டது.

“நீங்களும் கொஞ்சம் தலையைக் காட்டுங்களேன், பெரியவரே” என்றது டால்பின்.

“உன்னை மாதிரி குட்டிக்கரணம் போட நான் என்ன வெட்கங்கெட்டவனா?” என்று சீறினார்.

ஆனாலும் மறுநாள் படகு வந்ததும், வைராக்கியத்தை விட்டு டால்பினுக்குப் பக்கத்தில் எழும்பி மூச்சுவிட்டார்.

படகில் ஒரே சந்தோஷக் கூச்சல். “எழுதிக்கோ! டால்பின் ஒன்று, கூடவே அதன் குட்டி!”

“அடேய், நான் பேரன் எடுத்தவன்டா!” என்று கத்தினார் கிழவர்.

“சத்தம் போடாதே கண்ணு, அம்மா பக்கத்திலேயே வா” என்றது டால்பின்.