கைவலி இல்லாத பிற்பகல்

கனடாவின் மேனிடோபா மாகாணச் சிற்றூர்ப் பனியரங்கில், கல்லைச் சறுக்கிவிட்டு அதன் முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்து வழிநடத்தும் கர்லிங் ஆட்டத்தின் அரையிறுதி முடிந்திருக்கிறது. வழக்கப்படி வென்றவர்கள் தோற்றவர்களுக்கு பியர் வாங்கித் தருகிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து லோரீன் ஷூ நாடாவை அவிழ்க்கிறாள். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க, மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து வலித்து மடங்க மறுத்த விரல்கள் இன்று சுலபமாக மடங்குகின்றன. “பனியில துடைப்பத்த என்னமா ஓட்டுனடி! கிழவிக்கு வயசு திரும்புதா?” என்கிறாள் அணித்தோழி மார்ஜ். “மாத்திரைய நிறுத்திட்டேன். போட்டி முடியிறவரைக்கும்தான்.” மார்ஜின் குவளை பாதி வழியில் நிற்கிறது. “டாக்டருக்குத் தெரியுமா?” லோரீன் அடுத்த ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்குகிறாள். மார்ஜ் குவளையைக் கீழே வைக்கிறாள். “வலி தாங்கலைன்னு சொன்னா வேற மாத்திரை தருவாங்க. நீயா நிறுத்துவியா?” “நாளைக்கு ஃபைனல்டி.” “துடைக்கிறத நான் பாத்துக்கிறேன். நீ நின்னு கல்லுக்கு வழி சொல்லிக் கத்து, போதும். அடுத்த குளிருக்கும் கத்த ஆள் வேணும் எனக்கு.” லோரீன் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியின் எண்ணை அழுத்துகிறாள். மறுமுனையில் மணி அடிக்கும்போது, இன்னும் வலியில்லாத இடக்கை விரல்களை ஒருமுறை முழுதாக மடக்கி, அப்படியே மூடி வைத்துக்கொள்கிறாள்.