ஈரமில்லாத நிலைக்கால்

ஜெர்மன்காரர்கள் பிடித்துவைத்திருக்கும் க்ரோனிங்கன் நகரின் கால்வாய்த் தெருவில் மழை விட்டு வெளிறிய காலை வெயில். எதிர்வீட்டு யூதர்களை ஜெர்மன்காரர்களின் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய தொப்பியோ சேற்றில் கிடக்கிறது. ஊரே நம்பும் கணக்கர் கெர்லோஃப், ரொசெட் என்ற யூதப் பெண்ணைத் தன் புது டைப்பிஸ்ட் என்று சொல்லி, கிராமத்தில் ஒளித்துவைக்க அழைத்துப்போகிறார். வெளியே போக அலுவலகக் கதவைத் திறந்தால் வாசலிலேயே உள்ளூர்ப் போலீஸ்காரர். தலைகுனிந்து வரும் ரொசெட்டின் கை தானாக உயர்ந்து நிலைக்காலைத் தொடுகிறது. தொட்ட விரல்கள் உதட்டுக்குப் போகின்றன. யூத வீடுகளின் நிலைக்காலில் வேதவாசகம் பதித்திருக்கும். வாசலைத் தாண்டும்போது அதைத் தொட்டு முத்தமிடுவது பிறந்ததிலிருந்தே அவள் கைக்குப் பழக்கம். போலீஸ்காரரின் பார்வை அந்த விரல்களில் நிற்கிறது.

"ஏம்மா, பெயின்ட் காயலைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! அந்த விரலை வேற வாயில வைக்கிற!" என்று கெர்லோஃப் இரைகிறார். கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். போலீஸ்காரர் நிலைக்காலைத் தடவுகிறார். பெயின்ட் உரிந்த பழைய மரம், சருகாய்க் காய்ந்திருக்கிறது.

"ஆமா கணக்கரே, ஈரமாத்தான் இருக்கு. சட்டுனு கூட்டிட்டுப் போங்க."

சுத்தமான விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடக்கிறார். லாரிக்குள்ளிருந்து ஒரு கிழவி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதே கையால் பின்கதவை இழுத்துத் தாழிடுகிறார்.